ரப்பர் பேண்ட் சுற்றிய போன்

மலைமேல் ஒண்டிக்கடை பஜாரில் செல்போன் ரிப்பேர் என்றால் ஜீவாதான். அந்த நினைப்பு அவனுக்கே கொஞ்சம் அதிகம்.

நாகலூர் எஸ்டேட்டில் வேலை செய்யும் வீராயி பஸ் ஏறி வந்து போனை நீட்டினாள். மஞ்சு மூட்டத்தில் நனையாமல் இருக்க, எஸ்டேட் பெண்கள் செய்கிறபடி பிளாஸ்டிக் கவரில் போட்டு, தலைப்பக்கம் ரப்பர் பேண்டை இறுக்கிச் சுற்றியிருந்தாள்.

"ஏனுங்க தம்பி, எம்புள்ள கவிதா காத்தால வாய்ஸ் மெசேஜ்ல பேசி அனுப்பியிருக்குதுங்க. அமுக்குனா ஓடுது, சத்தம் வரமாட்டீங்குது. முப்பது தடவ அமுக்கிட்டனுங்க."

வீட்டை விட்டுப் போய்க் கல்யாணம் செய்துகொண்ட மகள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான் அவள் குரல் வந்திருந்தது.

கவரைக் கழற்றக்கூடச் சோம்பல் ஜீவாவுக்கு. மேலாகவே அழுத்திப் பார்த்தான். "ஆப்புல கோளாறுங்க" என்று அதன் டேட்டா முழுவதையும் துடைத்து, புதிதாகத் திறந்தான். உள்ளே ஒன்றுமே இல்லை. கவிதாவின் குரலும் போயிருந்தது.

அப்புறம்தான் கவரைக் கழற்றினான். காது வைக்கும் இடத்தருகே இருக்கும் சென்சார் மேல் ரப்பர் பேண்ட் கிடந்தது. காதில் வைத்திருப்பதாக நினைத்து போன் சத்தத்தை மெதுவாகக் காதுப்பக்கமே அனுப்பியிருக்கிறது. கோளாறே இல்லை. அவனுக்கு முகம் சுண்டிப்போனது.

"வரும்போதே கெட்டு வந்திருக்குதுங்கக்கா" என்று வாய்கூசாமல் சொன்னான்.

"நாந்தானுங்க ஈரத்துல வெச்சுக் கெடுத்துப்போட்டேன்" என்றாள் வீராயி.

அவனுக்குச் சுருக்கென்றது. முப்பது தடவை அழுத்தியதில், அம்மா கேட்டுவிட்டாள் என்று மகளுக்கு நீலக்குறி காட்டியிருக்கும். கேட்டும் பதில் பேசவில்லை என்றுதான் அவள் நினைப்பாள்.

கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே ஜீவா வீராயியின் போனில் கவிதாவின் நம்பரை எடுத்து மைக்கை அழுத்தினான்.

"ஒண்டிக்கடை மொபைல் கடை ஜீவா பேசறனுங்க. நீங்க பேசுனத உங்கம்மா இன்னும் கேக்கலீங்க. நாந்தான் பாக்காம அழிச்சுப்போட்டேன். அவங்ககிட்டப் பொய்யும் சொன்னேன். மறுக்கா பேசி அனுப்புங்க."

ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது. போனை வீராயியின் காதில் வைத்தான். "அம்மா, நீ வேண்டாம்னுட்டீன்னு நெனச்சு நொம்ப அழுதுட்டேம்மா" என்று ஆரம்பித்தது குரல்.

கேட்டு முடித்த வீராயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவனைத் திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் மேஜையிலிருந்த ரப்பர் பேண்டை எடுத்து நீட்டினாள்.

"இத இனிமேலு எங்க சுத்தோணும் சாமி?"

"நடுவால சுத்துங்கக்கா" என்றான். அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தலை நிமிரவில்லை.