எரிக்காத செடிகள்

புதுப் புது சாமந்தி வகைகளை உருவாக்கி விற்கும் ஒரு டச்சு நிறுவனத்துக்கு, மலேசியாவின் கேமரன் மலையில் யுவனேஸ்வரிதான் பிரதிநிதி. தானா ராத்தாவில் ஒரு கடையின் மாடியில் அலுவலகம். ஒரு மேசை, ஒரு கணினி, அவள். அன்று காலை கணினித் திரையில் நிறுவனத்தின் வக்கீல் அம்மாள் வந்தாள். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

“இங்கே ஹாலந்துப் பூச்சந்தையில், மலேசியாவிலிருந்து இறங்கிய பெட்டிகளில் எங்கள் பூ ஒன்று இருந்தது. இன்னும் யாருக்கும் வளர்க்க அனுமதி தராத வகை. மரபணுச் சோதனையும் செய்துவிட்டோம், சந்தேகமே இல்லை.”

படத்தைக் காட்டினாள். வெள்ளைச் சாமந்தி, இதழ் ஓரத்தில் மட்டும் பச்சை. யுவனேஸ்வரிக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

“ஐரோப்பாவில் இந்த வகையின் உரிமை எங்களுடையது. அனுமதியில்லாமல் பெருக்கிய செடியின் பூவை இங்கே இறக்கினால், வாங்கியவரை த ஹேக் நீதிமன்றத்தில் நிறுத்தி, யாரிடம் வாங்கினாய் என்று சொல்ல வைக்கலாம். அதற்கு முன்னால் நீங்களே வளர்த்தவரைக் கண்டுபிடித்தால் நல்லது. செடிகளை அழித்து, இனி செய்யமாட்டேன் என்று உறுதிமொழி கொடுத்தால் வழக்கு வேண்டாம். இல்லையென்றால் விடமாட்டோம்.” பிறகு சாதாரணமாகக் கேட்டாள்: “அங்கே இந்த வகையை வளர்த்துப் பார்த்த சோதனைத் தோட்டத்துச் செடிகளை எரித்துவிட்டதாகச் சொன்னீர்களே?”

“ஆமாம்,” என்றாள் யுவனேஸ்வரி.

எரிக்கவில்லை. சோதனை முடிந்த அன்று நல்ல மழை. செடிகளை ஏற்றிப்போக அண்ணன் ராதாகிருஷ்ணனின் லோரியைத்தான் கூப்பிட்டிருந்தாள். “மழை விட்டதும் நான் எரிச்சிடுறேன், நீ போலா,” என்றார் அவர். அவளும் போய்விட்டாள். எரித்தாயிற்று என்று நிறுவனத்துக்குத் தகவலும் சொல்லிவிட்டாள். அதோடு போயிருந்தால் ஏமாந்தேன் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். ஆனால் பிறகு ஒருநாள் கம்போங் ராஜாவில் அண்ணன் வாடகைக்கு எடுத்திருந்த தோட்டத்துக்குப் போனபோது, பிளாஸ்டிக் கூரைக்கடியில் கடைசி வரிசைகளில் அந்த இலையைப் பார்த்தாள். அவளுக்கா தெரியாது? பார்த்தும் ஒன்றும் கேட்காமல், அண்ணி கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு வந்தாள்.

ஏன் கேட்கவில்லை என்றால், அண்ணி அம்சவல்லி இன்னும் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். அவள் வேலையில் இருக்கும்வரைதான் அவர்களுக்குத் தோட்டம் கொடுத்த லைன் வீடு. முட்டி இரண்டும் தேய்ந்துபோய், சரிவில் இறங்கும்போது பக்கவாட்டில் கால் வைத்து இறங்குகிறாள். பூ விற்ற பணத்தில் சொந்தமாக ஒரு வீடு கட்டிவிட்டால் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிடலாம் என்பது அண்ணனின் ஒரே எண்ணம். அப்பா போனபின் யுவனேஸ்வரியைப் படிக்க வைத்ததும் அந்த அண்ணன்தான்.

வக்கீல் பேசி முடித்த கையோடு அவள் கம்போங் ராஜாவுக்குக் காரை விட்டாள். அண்ணன் மருந்து தெளித்துக்கொண்டிருந்தார். சொன்னதைக் கேட்டு முகமூடியைக் கழற்றினார்.

“நான் சிங்கப்பூருக்குன்னு சொல்லித்தான் வியாபாரிகிட்ட கொடுத்தேன். அவன் ஹாலந்து வரைக்கும் அனுப்புவான்னு யாரு கண்டா? குப்பையில போடுறதத்தானேலா எடுத்தேன்? செடிய நட்டது நானு, தண்ணி ஊத்துனது நானு. பூ எப்படி அவனோடதாகும்?”

“அந்த வகைய உருவாக்க அவங்க பல வருசம் பாடுபட்டிருக்காங்கண்ணே. அதுக்கு அங்க சட்டம் இருக்கு.”

“அப்ப நீ சொல்லிடப் போறியா?”

“சொல்லாட்டி அந்த வியாபாரி சொல்லிடுவான். அப்புறம் வழக்கு. நம்மால தாங்க முடியாது.”

“சொன்னா உன் வேலை போயிடும்லா. எரிச்சேன்னு சொன்னது நீதானே? பார்த்துட்டும் பேசாம இருந்ததும் நீதானே?”

அவர் அதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. யோசித்துக்கொண்டே சொன்னார். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான் என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. அடுத்த சரிவில் தேயிலை வெட்டும் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது.

அன்று மாலை அவள் நிறுவனத்துக்கு அண்ணனின் பெயரைச் சொன்னாள். தன் பங்கை, நிறுவனத்து ஆள் நேரில் வரும்போது தானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டாள்.

ஹென்ட்ரிக் என்ற அதிகாரி அடுத்த வாரமே வந்து இறங்கினார். நெட்டை மனிதர், மரியாதையாகப் பேசுகிறவர். தோட்டத்தில் அண்ணன், அண்ணி, யுவனேஸ்வரி மூவரும் நின்றார்கள். அவர் கேட்பதை அவள்தான் தமிழில் சொல்ல வேண்டும், அண்ணன் சொல்வதை அவள்தான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும்.

“செடி எப்படி இங்கே வந்தது?”

அவள் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். தனக்குத் தெரிந்த உடைந்த ஆங்கிலத்தில், அவளைப் பார்க்காமல், நேராக ஹென்ட்ரிக்கிடமே சொன்னார். லோரியில் ஏற்றிப்போய் எரித்த மாதிரி காட்டித் தங்கையை ஏமாற்றியதாகவும், அதற்குப் பிறகு அவளைத் தோட்டத்துக்குள்ளேயே விடவில்லை என்றும்.

“அண்ணே, வேணாம்,” என்றாள் அவள்.

“நீ சும்மா இரு.”

ஹென்ட்ரிக் அவளைப் பார்த்தார். “அப்படித்தானா?”

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் வராது. அண்ணி தலையை மட்டும் லேசாக அசைத்தாள். சொல்லாதே என்று. யுவனேஸ்வரி, “அப்படித்தான்,” என்றாள்.

அண்ணன் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டார். அப்புறம் வேலையாட்களைக் கூப்பிடாமல், தானும் அண்ணியுமாக வரிசை வரிசையாகச் செடிகளைப் பிடுங்கிப் போட்டார்கள். பாதி மொட்டிலேயே இருந்தது. யுவனேஸ்வரி உதவிக்குக் குனிந்தபோது, “கம்பெனி ஆளு நீ, தள்ளி நில்லு,” என்றார் அண்ணன். தள்ளி நின்றாள்.

காரில் திரும்பும்போது ஹென்ட்ரிக் சொன்னார்: “சொந்த அண்ணனைக் காட்டிக்கொடுப்பது லேசான காரியம் இல்லை. மலையில் ரிங்லெட்டிலிருந்து கம்போங் ராஜா வரை எல்லாத் தோட்டங்களையும் இனி நீங்களே சோதனை செய்யுங்கள். உங்களைவிட நம்பிக்கையான ஆள் எங்களுக்குக் கிடைக்காது.”

அவர் போனபின் லைன் வீட்டுக்குப் போய், வேலையை விடப் போகிறேன் என்றாள். அண்ணன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்தார்.

“இப்ப விட்டா ஏன்னு தோண்டுவாங்க. நான் சொன்னது பொய்யின்னு ஆயிடும். மறுபடி கேஸு கீஸுன்னு வரும். வேலைய பாருலா.”

“எத்தனை நாளைக்குண்ணே?”

அவர் சோற்றைப் பிசைந்தார். அண்ணி அவளுக்கும் ஒரு தட்டை வைத்தாள். வெந்நீர்ப் பையை முட்டியில் வைத்துக் கட்டியபடியே பரிமாறினாள். மறுநாளும் அவளுக்குக் கொழுந்து வேலை இருந்தது.

திங்கட்கிழமை முதல் சோதனை, வேலப்பன் தோட்டத்தில். அப்பாவின் பழைய சிநேகிதர், சின்ன வயதில் அவளைத் தோளில் தூக்கித் திரிந்தவர். எப்போதும் “வாம்மா யுவா” என்பார். அன்று எழுந்து நின்று, “வாங்க,” என்றார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

“உக்காருங்க மாமா, நீங்க எதுக்கு நிக்கிறீங்க?”

“இருக்கட்டும். எல்லா வரிசையும் பாத்துக்குங்க. நம்மகிட்ட ஒளிவுமறைவு இல்ல.” கொஞ்சம் தயங்கிச் சேர்த்துக்கொண்டார்: “அண்ணனையே விடல, எங்கள விடுவீங்களா?”

யுவனேஸ்வரி பையிலிருந்து கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு, முதல் வரிசைக்குள் இறங்கி, இலைகளைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தாள். வேலப்பன் இரண்டடி தள்ளி, கைகளைக் கட்டிக்கொண்டு, பின்னாலேயே வந்தார்.