தளவாயின் மனைவி

ஆலங்குடி வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆண்ட்ரூஸின் தோளில் இன்னொரு பொன்னாடை விழுந்தது. தளவாய்களின் வாழ்க்கையை நாவலாக எழுதியே பேர் வாங்கியவர். ஆவூரிலிருந்து மீமிசல் வரை பஸ்ஸில் அடையாளம் கண்டு இடம் விடுவார்கள். ஆனால் இத்தனை வருடத்தில் ஒரு விமர்சகர்கூட அவரைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. அது உறுத்திக்கொண்டே இருந்தது. இன்று பேராசிரியை அறிவுமதி பேசுகிறார் என்றதும் காலையிலேயே சட்டைக்கு இஸ்திரி போட்டுவிட்டார்.

முன்னால் பேசியவர்கள் வழக்கம்போலப் புத்தகத்தைத் தவிர எல்லாவற்றையும் புகழ்ந்தார்கள். எளிமை, ஊர்ப்பாசம், கையெழுத்து.

அறிவுமதி மைக்கைத் தாழ்த்திக்கொண்டார்.

"தொடரா வந்ததை அப்படியே புத்தகமாக்கியிருக்காரு. வாராவாரம் யாராவது கிணத்துல விழுறாங்க. அதைக்கூட விட்டுரலாம். தளவாயோட சம்சாரம் பாதியிலயே காய்ச்சல்ல செத்துப்போறாங்க. கடைசிப் போருக்கு முன்னாடி அவருக்கு மோர் ஊத்துறது யாருங்க?"

கூட்டம் சிரித்தது. அமைப்பாளர் ஃபெமினா பதறிப்போய் டீ கொண்டுவரச் சொன்னார். ஆண்ட்ரூஸ் கையமர்த்தினார்.

"பேசட்டும்மா."

அந்தச் சாவுக்கு ஊர் ஊராக அழுதிருந்தார்கள். அவளைக் கொன்றது அவருக்கே மறந்துபோயிருக்கிறது. அழுத ஒருவரும் அவள் திரும்பி வந்ததைக் கேட்கவில்லை. இந்தப் பெண் மட்டும் கடைசிவரை படித்திருக்கிறார்.

"இன்னொன்னு," என்றார் அறிவுமதி. "புத்தகத்துலயே எனக்குப் பிடிச்சது அந்த மோர் ஊத்துற எடந்தான். சாவு சினிமா மாதிரி இருக்கு. இது வீடு மாதிரி இருக்கு."

கூட்டம் முடிந்ததும் ஆண்ட்ரூஸ் அவரிடம் போனார். "இதை எழுதுவீங்களாம்மா?"

"எழுதிட்டேன் சார். அடுத்த மாசம் வருது. இதைவிடக் காரமா இருக்கும்."

"இருக்கட்டும்."

புதுக்கோட்டை பஸ்ஸில் அவர் மனைவி சந்தனமேரி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள்.

"அத்தனை பேரு முன்னாடி மானத்த வாங்கிட்டா. ஒங்களுக்குச் சிரிப்பு வருதாக்கும்."

"முழுசாப் படிச்சிருக்குல்ல."

"அப்ப மோரை எடுத்துருவீங்களா?"

"சாவை எடுக்கப்போறேன்."

சந்தனமேரி திரும்பிப் பார்த்தாள். "அதுக்கு நானே அழுதேங்க."

"தெரியும்."

டிக்கெட்டை மடித்துப் பர்ஸில் வைத்தாள். பிறகு கேட்டாள். "அவ சாகலைன்னா, நடுவுல இருக்கிற அத்தனை அத்தியாயமும் என்ன பண்ணுவா?"

"தெரியலையே."

"புருஷன் சண்டைக்குப் போயிட்டா வீட்டுல வேலையா இல்ல?"

புதுக்கோட்டை வரும்வரை இரண்டு பேரும் அவளுக்கு வேலை தேடிக்கொண்டு வந்தார்கள்.