பின்னால் திரும்பும் அடி

1

இந்தக் கதை ஒரு விதியிலிருந்து பிறந்தது. ஷினானோ மலைநாட்டில் தொடர்பாட்டுக் கட்ட உட்காருகிறவர்கள், ஒருவர் சொன்ன அடியை அடுத்தவர் பிடித்துக்கொண்டு மேலே போகவேண்டும். முந்தின அடிக்கும் முந்தினதில் வந்த பொருள் மறுபடி வரக்கூடாது. பாட்டு பின்னால் திரும்பக்கூடாது. இதைக் காப்பவர் எழுத்தர். ஒவ்வோர் அடியையும் முதலில் அவரிடம்தான் சொல்லவேண்டும். தப்பானதைச் சபையில் வாசிக்காமலேயே அவர் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

வாசிக்காமலேயே. அந்த இடத்தில்தான் எனக்குக் கதை தட்டுப்பட்டது.

2

முதல் தொடக்கம்: "எதோ நகரிலிருந்து ஷோகுன்கள் ஆண்ட காலத்தில், பனி உருகிய ஒரு" — வேண்டாம்.

இரண்டாவது: "கன்பெய்யின் மகள் நுயி, சித்தப்பா தோகிச்சியின் கையிலிருந்து நழுவி நதியில்" — இதுவும் வேண்டாம். (பாட்டின் முதல் பக்கத்தில் சாவு வரக்கூடாது என்று இன்னொரு விதி உண்டு. மீறிவிட்டேன். எழுத்தர் ஜின்ஸோ படித்தால் திருப்பிக் கொடுத்திருப்பார்.)

3

ஜின்ஸோ எண்ணெய்க் கடைக்காரர். தூரிகை பிடித்த நாளிலிருந்து ஒரு தப்பையும் உள்ளே விட்டதில்லை. ஊரில் அவருக்கு இருந்த மரியாதையே அதுதான்.

"இவன்கிட்ட மாட்டினா பொண்டாட்டி பேரைக்கூட ரெண்டு தடவை கூப்பிட முடியாதுப்பா," என்றார் மோஹெய். அன்று பாட்டு அவர் வீட்டில்தான்.

"கூப்பிட்டா மட்டும் வந்துடுவாளா?" என்றார் ஜின்ஸோ. கன்பெய்கூடச் சிரித்தார்.

தம்பி தோகிச்சி சிரிக்கவில்லை. நுயி போனபின் அண்ணனும் தம்பியும் ஒரே சபையில் உட்காருகிறார்கள், தேநீர்க் கிண்ணத்தைக் கைமாற்றிக்கொள்கிறார்கள். அவளைப் பற்றி அவர் கேட்டதில்லை; இவன் சொன்னதில்லை. (இது நடக்குமா என்று எனக்கே சந்தேகம் இருந்தது. இங்கே, நம் ஊரில், வாழ்ந்த பிறகு அந்தச் சந்தேகம் போய்விட்டது.)

பாட்டு முடியும் தறுவாய். விருந்தாளி ஒருவர் சொன்னார்:

*மழை வடிந்த நதியில் படகைக் கட்டுகிறார்கள்*

மோஹெய் தொடர்ந்தார்:

*யார் வீட்டுச் சிரிப்பு, வேலிக்கு அப்பால்*

அடுத்தது தோகிச்சி. அதற்கடுத்தது பூவின் இடம், பூவைப் பாடியே ஆகவேண்டிய அடி. மரியாதைக்குரிய அந்த அடி கன்பெய்யுடையது.

தோகிச்சி ஜின்ஸோவின் பக்கம் சாய்ந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்:

*பிடித்த கையில் செருப்பு மட்டும், மிச்சம் நதியிடம்*

நதி. பாட்டு பின்னால் திரும்புகிறது. ஜின்ஸோவின் தூரிகை நின்றது.

"என்னப்பா சொன்னான்?" என்றார் கன்பெய். "விதிக்கு ஒத்து வருதா?"

4

முடிவு ஒன்று: ஜின்ஸோ தலையை அசைக்கிறார். தோகிச்சி தவளை பற்றி வேறொன்று சொல்கிறான். எல்லோரும் பாராட்டுகிறார்கள். அண்ணன் அந்த அடியைக் கேட்காமலேயே —

இதை முழுதாக எழுதிப் பார்த்தேன். ஒரு தப்பும் இல்லாத பாட்டு. கிழித்துவிட்டேன்.

5

ஜின்ஸோ அடியை உரக்க வாசித்தார். வழக்கப்படி, இரண்டு தடவை.

மோஹெய் கிண்ணத்தைக் கீழே வைத்தார். கன்பெய் தம்பியைப் பார்க்கவில்லை, எழுத்தரைத்தான் பார்த்தார்.

"நதி முன்னாடியே வந்தாச்சு, ஜின்ஸோ."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் வாசிச்சியா?"

"ஆமா."

"உன் பேரு கெட்டுப்போகும்."

"போகட்டும்."

தோகிச்சி பாயில் நெற்றி படக் குனிந்திருந்தான். "அண்ணா, வேணும்னா வேற ஒண்ணு சொல்றேன்."

"சும்மா இரு," என்றார் கன்பெய். பிறகு, "எழுது ஜின்ஸோ. அடுத்தது என் முறை."

6

கன்பெய்யின் அடியை நான்கு விதமாக எழுதினேன். ஒன்றில் மன்னிக்கிறார், அவ்வளவு சீக்கிரம் மன்னிக்க எனக்கே வராது. ஒன்றில் எழுந்து போகிறார். பூவின் இடத்தை விட்டு யாரும் எழுந்து போவதில்லை. மற்ற இரண்டும் அழகாக இருந்தன, அதனாலேயே நீக்கிவிட்டேன்.

நீங்கள் சொல்லுங்கள். அடியில் பூ இருக்கவேண்டும். தம்பி சொன்னதைப் பிடித்துக்கொண்டு மேலே போகவேண்டும். நதி மறுபடி வரக்கூடாது.

அவசரமில்லை. ஜின்ஸோ தூரிகையை நனைத்துவிட்டார். தோகிச்சி இன்னும் நிமிரவில்லை.