பெரிய அட்டைக் காசோலை

தையற்கூடத்தில் ஆண்டுக்கு ஒருமுறை எல்லோரும் ஒரு மணி நேரக் கூலியை நன்கொடைப் பெட்டியில் போடுவார்கள். அதை யாருக்குக் கொடுப்பது என்று முடிவுசெய்ய மூன்று பேர்: கட்டிங் மாஸ்டர், சூப்பர்வைசர், தைத்த சட்டைகளில் குறை பார்க்கும் செக்கர் அக்கா. இந்த ஆண்டு மனு போட்டவர்கள் இரண்டு பேர். சேர்ந்திருந்த தொகை ஒருவருக்கே இழுத்துப் பிடித்தால்தான் போதும்.

ஒரு மனு, சக்கர நாற்காலிகளை இலவசமாகப் பழுதுபார்க்கும் கொட்டகையிலிருந்து வந்த பாதித் தாள். ஓரத்தில் கிரீஸ் கறை. மற்றது பளபளவென்று ஒரு புத்தகம். அதை அனுப்பிய அறக்கட்டளைத் தலைவரை எல்லோரும் 'மைக்' என்றுதான் சொல்வார்கள். கையில் மைக் இல்லாதபோதும் "அலோ, அலோ" என்று சோதித்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார்.

செக்கருக்கு அவரை நன்றாகத் தெரியும். நான்கு ஆண்டுகளுக்கு முன் அவளுடைய அப்பாவை மேடையேற்றி, சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, கும்பிடச் சொல்லி, கண்கலங்கச் சொல்லி, மூன்று முறை படம் எடுத்துக்கொண்டார். கைதட்டல் ஓய்ந்ததும் இரண்டு பேர் அப்பாவைத் தூக்கி பிளாஸ்டிக் ஸ்டூலில் வைத்துவிட்டு நாற்காலியை வண்டியில் ஏற்றினார்கள். "படம் எடுத்தாச்சுல்லம்மா? அடுத்த விழாவுக்கு வேணும்" என்றார் மைக், கொடுத்த குடையைத் திருப்பிக் கேட்பதுபோல. அப்பா வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தார். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

"மாஸ்டர், இதப் பாருங்க" என்று பளபளப் புத்தகத்தை விரித்துக் காட்டினாள் செக்கர். " பதினோரு பேருக்கு பதினோரு நாற்காலின்னு போட்டிருக்கு. இடது சக்கரத்துல பச்சை பெயின்ட் தீற்றல். பதினோரு படத்துலயும் அதே தீற்றல்."

மாஸ்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "பாவம், இவரவிட அந்த நாற்காலிதான் நிறைய மேடை ஏறியிருக்கு."

"பாதிப் பாதி கொடுத்துடலாமே" என்றார் சூப்பர்வைசர். "மைக் நம்ம முதலாளி பேரை நாலு இடத்துல சொல்வாரு."

"ஒரு சட்டைத் துணியில ரெண்டு சட்டை வெட்டினா ரெண்டுக்கும் கை இருக்காது. வெட்டுறவன் நான் சொல்றேன்."

இரண்டுக்கு ஒன்று. தொகை கொட்டகைக்கு என்று முடிவானது.

"அப்ப மைக்குக்கு?" என்றார் சூப்பர்வைசர் கவலையோடு.

"அவருக்கு விழா" என்றாள் செக்கர்.

கடிதத்தை அவளே எழுதினாள்: 'எங்கள் விழாவில் பெரிய காசோலையுடன் படம் எடுத்துக்கொள்ள அன்புடன் அழைக்கிறோம்.' மைக் எந்தக் கடிதத்திலும் தன் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பவர். இருந்தது. வந்துவிட்டார்.

சாப்பாட்டு இடைவேளை. கட்டிங் மேசையைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். பேக்கிங் பெட்டியைப் பிரித்துச் செய்த காசோலை கதவுப் பலகை அளவு இருந்தது.

"ஐயா, கும்பிட்ட மாதிரி ஒண்ணு" என்றாள் செக்கர், போனைத் தூக்கிப் பிடித்து.

"இதப் பிடிச்சுக்கிட்டு எப்படிம்மா கும்பிடறது?"

"கக்கத்துல இடுக்கிக்குங்க. இப்ப கண்ணு கொஞ்சம் கலங்கட்டும்."

அனுபவசாலி; கண் உடனே கலங்கியது. மூன்றாவது படமும் ஆனது. கைதட்டல் ஓய்ந்ததும் இரண்டு பேர் வந்து அட்டையை உருவிக்கொண்டு நடந்தார்கள்.

"எங்க கொண்டு போறாங்க?"

"பேக்கிங்குக்கு. அட்டை அங்க வேணுமாம். படம் எடுத்தாச்சுல்லங்க ஐயா?"

"நெஜ செக்கு?"

"போன வாரமே நாற்காலி ரிப்பேர் பண்ற கொட்டகைக்குப் போயிடுச்சு."

"அப்ப என்னை எதுக்கு கூப்பிட்டீங்க?"

"எங்கப்பாவ நீங்க கூப்பிட்ட மாதிரிதான். மேடையில நாற்காலி குடுத்து, படம் எடுத்துட்டு, திருப்பி வாங்கிட்டுப் போனீங்களே. ஞாபகம் இருக்கா?"

மைக் யோசித்துப் பார்த்தார். பதினோரு பேரில் எந்த அப்பா என்று பிடிபடவில்லை போலும். "அலோ, அலோ" என்று மட்டும் சோதித்துப் பார்த்தார். மாஸ்டர் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை அவர் பின்னால் இழுத்துப் போட்டார். "உக்காருங்க ஐயா. இதத் திருப்பிக் கேக்க மாட்டோம்."

மாலையில் அப்பா அவளுடைய போனை வாங்கி வெகுநேரம் படத்தைப் பார்த்தார்.

"அவன் கையில இருக்கறது நெஜ செக்கா?"

"இல்லப்பா, அட்டை."

"நெஜமாவே அழுதிருக்கான்போல."

"ஆமா, காசு இல்லன்னு அப்ப அவருக்குத் தெரியாது."

அப்பா போனை அவளிடம் நீட்டினார். "பெரிசாக்கிக் காட்டு."