ஜோலீனின் நாற்பது நிமிடங்கள்

எங்கள் அணியில் ஒரு விதி இருந்தது. ஆடும்போது மூச்சு முட்டினால் முஷ்டியை உயர்த்திக் காட்ட வேண்டும். கோச் ஹாகன் உடனே வேறொருத்தியை அனுப்புவார். அப்படித் தானாகக் கேட்டு வெளியே வந்தவள், மூச்சு திரும்பியதும் தானே உள்ளே போகலாம். கேட்காமல் களைத்து நின்று, கோச்சே வெளியே எடுத்தால், திரும்பப் போவது அவர் இஷ்டம்.

நாலு வருடத்தில் ஜோலீன் ஒரு முறைகூட முஷ்டியை உயர்த்தியதில்லை. அந்தச் சனிக்கிழமை மதியம் உயர்த்துவதாகவும் இல்லை. ஜெர்மனியில் ஒரு கிளப்புக்கு ஆள் தேடி வந்தவர் பார்வையாளர்களின் மேல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மே மாதத்தோடு கல்லூரிப் படிப்பு முடிகிறது. அதற்குப் பிறகும் பாஸ்கெட்பால் ஆட அவளுக்கு இருந்த ஒரே வழி அவர்தான்.

"நாற்பது நிமிஷமும் ஆடப்போறேன்," என்றாள், ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே. "நீ பெஞ்சை நல்லா சூடு பண்ணி வை, பிரிட்டா."

"மூணு வருஷமா அதானே பண்றேன்."

நான் அவளுக்கு மாற்று ஆள். அவள் வெளியே வந்தால்தான் நான் உள்ளே.

முப்பது நிமிடம் வரை அவள் சொன்னபடிதான் நடந்தது. பதினெட்டுப் புள்ளி அவளுடையது. நாங்கள் ஆறு புள்ளி முன்னால் இருந்தோம். பிறகு அவள் எறிந்த பந்து வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பியது. அடுத்ததும் அப்படியே. குனிந்து தடுக்க வேண்டிய இடத்தில் நிமிர்ந்து நின்றாள். கோடை முழுக்கச் சோளக் காடுகளுக்கு நடுவே சரளைச் சாலையில் அவளோடு ஓடியிருக்கிறேன். வாயைத் திறந்து மூச்சு வாங்க ஆரம்பித்தாளென்றால் அவளுக்கு அதிக தூரம் மிச்சமில்லை.

எதிரணிக்கு ஃப்ரீ த்ரோ கொடுத்ததில் ஆட்டம் கொஞ்சம் நின்றது. ஜோலீன் எங்கள் பெஞ்சுப் பக்கம் ஒதுங்கி நின்றாள்.

"கையைத் தூக்குடி. ரெண்டு நிமிஷம் உக்காந்துட்டுப் போ," என்றேன்.

"என் இடம் வேணுமா உனக்கு?"

பாதி விளையாட்டாகத்தான் கேட்டாள். மீதிப் பாதி எனக்கு உறைத்தது.

அடுத்து அவள் எறிந்தது வளையத்தையே தொடவில்லை. புள்ளிகள் சமமாகிவிட்டன. கோச் நடுவரிடம் வாதாடிக்கொண்டிருந்தார். இதையெல்லாம் கவனித்த மாதிரி தெரியவில்லை. நான் சும்மா இருந்திருந்தால் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கோச், ஜோலீனுக்குக் கால் ஓஞ்சு போயிடுச்சு."

திரும்பி என்னைப் பார்த்தார். "நீயா சொல்ற?"

"நான்தான்."

"அப்ப நீயே போ."

நாலு நிமிடம் ஆடினேன். பெரிதாக எதுவும் செய்யவில்லை. எதிரணியின் பதினொன்றாம் எண் போன இடமெல்லாம் நானும் போனேன். என் கால்கள் களைக்காமல் இருந்தன. என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். அந்தப் பதினொன்றோ ஆரம்பத்திலிருந்தே ஆடுகிறவள், ஆனாலும் வேகம் குறையவில்லை.

கடைசி இரண்டு நிமிடத்துக்கு கோச் ஜோலீனை மறுபடி அனுப்பினார். இரண்டு முறை எறிந்தாள், இரண்டும் விளிம்பில் படாமல் வளையத்துக்குள் விழுந்தன. ஒரு புள்ளியில் ஜெயித்தோம்.

மேல் வரிசையில் அந்த இருக்கை காலியாக இருந்தது. ஜெர்மனிக்காரர் இறங்கி வந்து, ஆடுகளத்தின் அந்தப் பக்கம் பதினொன்றாம் எண்ணோடு பேசிக்கொண்டிருந்தார். அவள் முழங்காலில் கை ஊன்றி, குனிந்தபடியே தலையாட்டினாள். எங்கள் பக்கம் அவர் வரவில்லை.

வெளியே வண்டிகளின் கண்ணாடியில் பனி இறுகியிருந்தது. ஜோலீன் தன் பிக்கப் வண்டியின் கண்ணாடியைச் சுரண்டினாள்.

"கோச்கிட்ட சொன்னது நீதானே?"

"ஆமா."

"எவ்வளவு நேரம் தாங்கியிருப்பேன்?"

"ஒரு நிமிஷம்."

"மூணு."

"ஒண்ணு, ஜோலீன்."

கண்ணாடியின் மறுபாதியையும் சுரண்டி முடித்தாள்.

"நான் உள்ளேயே இருந்திருந்தா அந்த ஜெர்மனிக்காரர் என்னை எடுத்திருப்பாரா?"

"தெரியலடி."

கதவைத் திறந்து ஒரு காலை மேலே வைத்தாள். மற்றதைத் தூக்க முடியவில்லை. அப்படியே நின்றாள். பிறகு இறங்கி, சாவியை என் கையில் வைத்தாள்.

"நீ ஓட்டு," என்று சொல்லிவிட்டு, வண்டியைப் பிடித்துக்கொண்டே மறுபக்கம் நடந்தாள்.