சீழ் பிடிக்காத புண்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் தங்கை, தான் செய்துவிட்டதாக நினைத்த ஒரு தவறிலிருந்துதான் இந்தக் கதை பிறந்தது. அவள் ஆஸ்பத்திரி லேபில் ரத்த அணுக்களைப் பரிசோதிப்பவள். நான் கதை எழுதுகிறவள். எங்கள் இருவரில் யார் பொய் சொல்பவள் என்று அம்மாவைக் கேட்டால் யோசிக்காமல் என்னைக் காட்டுவாள்.

முதல் தொடக்கம்: ‘ரத்த நாளங்களில் வெள்ளணு வீரர்கள் வாளை உருவிக்கொண்டு—’

தங்கை எட்டிப் பார்த்தாள். “யாருக்கா இவங்க, நாடகக் கம்பெனியா?”

அந்த வரியை அடித்துவிட்டேன்.

2

இரண்டாம் தொடக்கம்: ஒரு கைக்குழந்தைக்குத் தொப்புளில் புண். ஆறவே இல்லை. ஆனால் ஒரு சொட்டுச் சீழ் கிடையாது. “புண்ணு சுத்தமாத்தானே இருக்கு” என்று தாய் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தாள். டாக்டருக்கு அந்தச் சுத்தம்தான் பயமாக இருந்தது. குழந்தையின் ரத்தத்தை லேபுக்கு அனுப்பினார்.

(இங்கே கொஞ்சம் பாடம். பொறுத்துக்கொள்ளுங்கள், எனக்கே இன்னும் புல்லரிக்கிறது. நம் ரத்தத்தில் நிரப்புப் புரதங்கள் என்று சில சுற்றிக்கொண்டே இருக்கின்றன. கிருமியைக் கண்டால் அதன்மேல் போய் ஒட்டிக்கொள்ளும். வெள்ளணுவின் மேற்பரப்பில் ஏற்பிகள் உண்டு. ஒட்டிய புரதத்தை அவை கைபோலப் பற்ற, வெள்ளணு கிருமியை விழுங்கும். அந்தக் கைகளில் ஒன்று ரத்தக்குழாயின் சுவரையும் பற்றிக்கொண்டு, புண் இருக்கும் இடத்தில் இறங்க உதவுகிறது. நாம் முகம் சுளிக்கும் சீழ், பெரும்பாலும் அப்படி இறங்கி வந்து செத்த வெள்ளணுக்கள்தான். இந்த வரியில் காற்புள்ளி வைக்கலாமா என்று நான் குழம்பும்போதே இத்தனையும் எனக்குள் நடக்கிறது, என்னை ஒரு வார்த்தை கேட்காமல்.)

3

ஏற்பியில் ஒட்டும் ஒளிச்சாயத்தைத் தங்கை ரத்தத்தில் கலந்து கருவியில் விடுவாள். அணுக்கள் ஒவ்வொன்றாக லேசர் முன்னால் போகும். சாயம் ஒட்டியிருந்தால் திரையில் தெரியும் வரைபடத்தின் மேடு வலப்பக்கம் நகரும். குழந்தையின் மேடு அசையவில்லை.

“சாயம் ஊத்த மறந்துட்டேன்னுதான்க்கா நினைச்சேன். என்னையே திட்டிக்கிட்டு மறுபடி பண்ணேன். அப்பவும் அசையல. சாயமே கெட்டுப்போச்சோன்னு என் ரத்தத்தை எடுத்துப் போட்டேன். ஜம்முனு நகர்ந்துச்சு.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன. தப்பு என் மேல இருந்திருக்கக் கூடாதான்னு இருந்துச்சு.”

(இதைவிட நல்ல வசனம் எனக்கு எழுத வராது. பொறாமைதான்.)

குழந்தையின் ரத்தத்தில் வெள்ளணுக்கள் இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு இருந்தன. புண்ணுக்குப் பக்கத்திலேயே ஓடின, இறங்கத்தான் முடியவில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்போம். இங்கே கையே இல்லை.

4

அந்தத் தாயை நான் பார்த்ததில்லை. ‘அவள் இடிந்துபோய்ச் சுவரில் சாய்ந்து—’ என்று எழுதி நிறுத்திவிட்டேன். பார்க்காத கண்ணீரை எழுதக் கூச்சமாக இருக்கிறது. வெள்ளணுக்கள் பிறக்கும் எலும்பு மஜ்ஜையையே மாற்றுவதுதான் வழி என்று டாக்டர் சொன்னதும் அவள் கேட்டதாகத் தங்கை சொன்னது இது மட்டும்: “மூத்தவகிட்ட இருந்து எடுத்தா இவன் பொழச்சுக்குவானா?”

மூத்தவள் இன்னும் பள்ளிக்கூடம் போகாத பெண். அவளுடையது பொருந்தியது. எடுத்துத் தம்பிக்கு ஏற்றினார்கள்.

5

முடிவு அ: பிழைத்தான்.

முடிவு ஆ: (எழுத மாட்டேன்.)

இப்படி இரண்டுக்கும் நடுவில் நான் முழித்துக்கொண்டிருந்தபோது, இன்று தங்கை லேபிலிருந்து போன் செய்தாள்.

“அக்கா, அந்தம்மா அலறி அடிச்சுக்கிட்டு டாக்டர்கிட்ட வந்திருக்காங்க. புண்ணுல சீழ் வைக்குதாம்!” சிரித்தாள், மூக்கையும் உறிஞ்சினாள். “பையனோட ரத்தம் மறுபடி டெஸ்டுக்கு வந்திருக்கு. இப்பதான் மெஷின்ல வைக்கிறேன். வை போனை.”

வைத்துவிட்டேன்.

மேடு நகர்ந்தது என்று நான் எழுதலாம். கதைக்காரி வேறு எப்படி எழுதுவாள் என்பீர்கள். அம்மாவும் உங்கள் கட்சிதான். அதனால் அந்தத் திரைக்கு முன்னால் உங்களை உட்காரவைத்துவிட்டுப் போகிறேன், நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். சீழ் என்று சொல்லி ஒருத்தி சந்தோஷத்தில் அழுததை இன்றுதான் கேட்டேன். அது மட்டும் சத்தியமாகப் பொய்யில்லை.