தலையாட்டிய பாவம்

ஆயிரத்து நானூற்று அறுபது. மூன்று அறைக்குப் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரண்டு கோட்டிங் வெள்ளை அடித்த வகையில் அந்த வீட்டுக்காரன் இன்னும் தரவேண்டிய பாக்கி அது. வேலை முடிந்துவிட்டது. ஏணியையும் காலி டப்பாக்களையும் வண்டியில் ஏற்றப் பெரிய சகலை நாலு மாடி இறங்கிப் போயிருந்தார். பணத்தை வாங்கிக்கொண்டு வரச்சொல்லி இளையவனைக் கூடத்தில் நிறுத்தியிருந்தார். அக்காளைக் கட்டியவர் அவர், தங்கையைக் கட்டியவன் இவன். ஒரே வீட்டுச் சோற்றுக்கு மாப்பிள்ளையானவர்கள், பிழைப்புக்கும் ஒரே டப்பாவில் பிரஷ் முக்க வந்து சேர்ந்திருந்தார்கள்.

பிழைக்க வந்த அந்த வெளிநாட்டு ஊரின் பாஷையில் பெரிய சகலைக்கு இருபது வார்த்தை தெரியும். அதில் பாதி நிறங்களின் பெயர். இளையவனுக்கு அதுவும் கிடையாது. வீட்டுக்காரனுக்கு இவர்கள் வைத்த பெயர் வெண்கலக்கடை. அவன் வாயைத் திறந்தால் கடைக்குள் யானை புகுந்த மாதிரிதான் இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாலும் கத்துவான், கழற்றாமல் வந்தாலும் கத்துவான். பேசும்போது ஆளின் முகத்தைப் பார்க்கமாட்டான், கையிலிருக்கும் பிரஷ்ஷைப் பார்த்துப் பேசுவான். குடிக்கத் தண்ணீர் பிடிக்கக் குழாயைத் தொட்ட இளையவனின் கையை ஈயை அடிப்பது போல ஒருநாள் தட்டிவிட்டான். அன்றைக்குப் படியில் உட்கார்ந்து சகலை சொன்னார்:

"அவன் என்ன கத்துனாலும் சிரிச்சுக்கிட்டே தலைய ஆட்டு. மொறைச்சாத்தான் இவனுங்க போன எடுப்பானுங்க."

"என்ன கேக்குறான்னே தெரியாம எப்படி சகலை ஆட்டுறது?"

"கல்யாணத்தப்ப நம்ம மாமனார் கேட்டதுக்கெல்லாம் ஆட்டுனியே, தெரிஞ்சா ஆட்டுன?"

இளையவன் சிரித்தான். ஆனால் போன் என்ற சொல் அவனை விடவில்லை. அவனுடைய வேலை பெர்மிட் முடிந்து நாலு மாதம் ஆகிறது. போலீஸ் வந்து காகிதத்தைக் கேட்டால் காட்ட ஒன்றுமில்லை. அறையில் இவர்களோடு தங்கியிருந்த கொத்தனார் ஒருவர் அப்படித்தான், சிகரெட் வாங்கிவருகிறேன் என்று இறங்கிப் போனார். அவருடைய லுங்கி இன்னும் கொடியிலேயே கிடக்கிறது. எடுத்து மடித்துவைக்க யாருக்கும் மனம் வரவில்லை. மடித்தால் அவர் வரமாட்டார் என்று ஆகிவிடுமே.

வெண்கலக்கடை உள்ளறையிலிருந்து வேகமாக வந்தான். பர்ஸ் கையில் இல்லை. நேரே ஜன்னலுக்குப் போய், பெயிண்ட் காயட்டும் என்று இவர்கள் திறந்துவைத்திருந்த கதவைக் காட்டினான். பிறகு இரண்டு கையையும் ஒரு முழ அகலத்துக்கு விரித்துப் பிடித்தான். மறுபடி ஜன்னல். மறுபடி ஒரு முழம். இளையவன் உற்றுப் பார்த்தான். புரிந்துவிட்டது போலத்தான் இருந்தது. ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு முழத்துக்குப் பட்டி துருத்திக்கொண்டிருக்கிறது, அதைத்தான் சொல்கிறான். எந்த வீட்டிலும் கடைசி நாள் வீட்டுக்காரன் காட்டுவது இதைத்தானே. இளையவன் சிரித்துக்கொண்டே தலையாட்டினான். ஆட்டியதோடு விட்டிருக்கலாம். இடுப்பிலிருந்த பட்டித் தகட்டை உருவி, காற்றில் சரக் சரக்கென்று இரண்டு இழுப்பு இழுத்து, சீவிவிடுகிறேன், ஒரு நிமிஷ வேலை என்று சைகையும் செய்தான். கடைசியில் உள்ளங்கையால் துடைத்தும் காட்டினான்.

வெண்கலக்கடை இரண்டு அடி பின்னால் போனான்.

அவன் பின்வாங்கி இளையவன் பார்த்ததே இல்லை. அந்த நேரம் வீட்டுக்காரம்மா சமையலறையிலிருந்து வந்தாள். கண் சிவந்து வீங்கியிருந்தது. கையிலிருந்த சின்னக் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து விம்மினாள். கிண்ணத்தில் பால் இருந்தது. காலையெல்லாம் இவர்களின் காலுக்குள் புகுந்து புறப்பட்ட சாம்பல் பூனை இளையவனின் நினைவுக்கு வந்தது. ஒரு முழம்தான் இருக்கும்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நாலு மாடிப் பள்ளம். பூனையை என்ன செய்தாய் என்று கேட்டவனிடம் சிரித்திருக்கிறான், தலையாட்டியிருக்கிறான், தகட்டை உருவி அறுத்தும் காட்டியிருக்கிறான். தகடு இன்னும் கையில்தான் இருந்தது. கீழே போட்டான். அது தரையில் விழுந்து எழுப்பிய சத்தத்தில் அந்தம்மா இன்னும் உரக்க அழுதாள். இல்லை இல்லை என்று தலையை இடவலமாக ஆட்டினான். ஆட்டின தலைக்கு இனி எந்தப் பக்கம் ஆட்டினால்தான் என்ன மதிப்பு?

"ஐயா, நான் ஒண்ணும் பண்ணலைங்க. பூனைய நான் பாக்கவே இல்லைங்க" என்றான். தன் குரல் அந்தக் கூடத்தில் யாருடையதோ போலக் கேட்டது. வெண்கலக்கடை வாசல் கதவைச் சாத்தினான். சாவியைத் திருப்பி எடுத்துச் சட்டைப்பையில் போட்டான். பிறகு போனை எடுத்துக் காதில் வைத்தான். கத்தவில்லை, தணிந்த குரலில் பேசினான். இத்தனை நாளும் கேட்ட கத்தலெல்லாம் இந்தத் தணிவுக்கு முன்னால் தாலாட்டு என்று இளையவனுக்குப் பட்டது.

வெளியே பெரிய சகலை கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

"டேய்! ஏன் பூட்டிக்கிட்டு இருக்க? காசு குடுத்தானா?"

"பூனையக் காணோமாம் சகலை. நான் தலையாட்டிட்டேன்."

"எதுக்குடா ஆட்டுன?"

"எல்லாத்துக்கும் ஆட்டுனேன். போன் பேசிக்கிட்டு இருக்கான். என்னை வெளிய எடுங்க சகலை."

கதவை இரண்டு கையாலும் அறைய ஆரம்பித்தார் பெரியவர். தனக்குத் தெரிந்த இருபது வார்த்தையையும் வரிசையில்லாமல் கத்தினார். அதில் வெள்ளை இருந்திருக்கும், நீலம் இருந்திருக்கும். பதிலுக்கு வெண்கலக்கடை உள்ளேயிருந்து கத்தினான். இரண்டு சத்தத்துக்கும் நடுவில் இளையவன் சுவரோடு சுவராக ஒட்டி நின்றான். பெயிண்ட் முதுகில் ஒட்டியது.

அந்த ரகளையில்தான் மூலையில் குவித்துவைத்திருந்த பழைய விரிப்பு அசைந்தது. சாமான் மேல் பெயிண்ட் சொட்டாமலிருக்க மூடுகிற துணி. அதன் மடிப்பிலிருந்து முதலில் ஒரு காது வந்தது, பிறகு தலை, பிறகு முழுப்பூனையும் வந்து, முதுகை வில்லாக வளைத்துச் சோம்பல் முறித்தது. யார் முகத்தையும் பார்க்காமல் கிண்ணத்துக்குப் போய்ப் பாலை நக்கத் தொடங்கியது. அதன் வால் நுனியில் வெள்ளைப் பெயிண்ட் பட்டிருந்தது.

அந்தம்மா அதை வாரி எடுத்து முகத்தோடு வைத்துக்கொண்டாள். வெண்கலக்கடையின் காதிலிருந்த போனில் யாரோ இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் ஒரு வார்த்தை சொல்லி அணைத்தான். வரவேண்டாம் என்று சொன்னானா, சீக்கிரம் வா என்று சொன்னானா? அந்த ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரிந்தால் போதும், பாக்கியெல்லாம் அவனே வைத்துக்கொள்ளட்டும் என்றிருந்தது இளையவனுக்கு.

அவமானப்பட்டவன் சும்மா இருப்பானா? வெண்கலக்கடை பூனையின் வாலைப் பிடித்து வெள்ளையைக் காட்டி, முன்னைவிடப் பலமாகக் கத்தினான். கத்திக்கொண்டே கதவைத் திறந்துவிட்டான். வாசலில் நின்ற பெரியவர் மூச்சு வாங்க, கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும் உரசிக் காசு என்று காட்டினார். வெண்கலக்கடை பதிலுக்குப் போனைத் தூக்கிக் காட்டினான். அதற்குப் பாஷை வேண்டியிருக்கவில்லை.

"டேய், மூணு வாரம் ஒழைச்ச காசுடா..." என்று பெரியவர் ஒரு கால் உள்ளே வைத்தார்.

"வேணாம் சகலை. உங்க காலப் புடிக்கிறேன், வாங்க."

"உன் பங்கும் இருக்குடா அதுல."

"எனக்கு வேணாம். எதுவும் வேணாம். வாங்க."

பெரியவர் அவன் முகத்தைப் பார்த்தார். அதில் என்ன கண்டாரோ, காலை வெளியே எடுத்துக்கொண்டார்.

இரண்டு பேரும் வண்டியில் ஏறினார்கள். பெரியவர் சாவியைப் போட்டார். அவர் நெற்றி, புருவமெல்லாம் வெள்ளைப் புள்ளி.

"சரி, விடு. அந்தக் காசத் தண்ணியில எழுதியாச்சு" என்றார். "உன் பொண்டாட்டிகிட்ட நான் பேசிக்கிறேன்."

கை நீட்டி இளையவன் பக்கத்துக் கதவை இழுத்துச் சாத்தினார். அந்தச் சத்தத்துக்கு இளையவனின் கை தானாகப் போய் அவருடைய சட்டை ஓரத்தைப் பிடித்துக்கொண்டது. அவர் அதை விலக்கவில்லை. தெருமுனையில் திரும்பும்போது எதிரே, தலையில் நீல விளக்கு சுழல ஒரு போலீஸ் வண்டி அவசரமில்லாமல் வந்தது. பெரியவர் வேகத்தைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. நீல வெளிச்சம் கண்ணாடி வழியாக உள்ளே வந்து, இரண்டு பேரின் கையிலும் காய்ந்திருந்த வெள்ளையை ஒருமுறை தடவிவிட்டுப் பின்னால் போயிற்று. சட்டை ஓரம் இளையவனின் பிடிக்குள்ளேயே கசங்கிக்கொண்டிருந்தது.